மலையகத்தின் 8 விழுக்காடு: கடும் ஈறுநோய் ஆய்வில் ஒரு வகைப்பாட்டின் வரலாறு

கடும் ஈறுநோய்க்குச் சிகிச்சை பலனளித்ததா என்று அளக்க, சிகிச்சையே பெறாதவர்களின் கணக்கு ஒன்று வேண்டும். ஈறுநோய் ஆய்வாளர் ஹரால்டு லோவின் குழு 1986இல் வெளியிட்ட கட்டுரை அந்தக் கணக்கைத் தந்ததாகவே இத்துறை நம்பிவருகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாகவும், 81 விழுக்காட்டினருக்கு மிதமாகவும் வளர்ந்தது; 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. லோ இதை நோயின் ‘இயற்கை வரலாறு’ என்றார். மனிதர்கள் இயல்பிலேயே இம்மூன்று வகையினர் என்ற வாசிப்பும் அதிலிருந்தே வேரூன்றியது. அந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

லோ அங்கு வந்து சேர்ந்த வழியைப் பார்க்க வேண்டும். 1965இல் டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். 10 முதல் 21 நாள்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. பற்படலம் படிந்தால் எவருக்கும் நோய் வரும் என்ற முடிவு அதில் பிறந்தது. 1978இல் வந்த இலங்கைக் கட்டுரையும் அந்த மனநிலையிலேயே எழுதப்பட்டது. பல்லிடுக்குகளில் பற்பிணைப்பு (பல்லைப் பிடித்துவைத்திருக்கும் திசுப் பிணைப்பு) ஆண்டுக்குத் தொழிலாளர்களிடம் 0.30 மி.மீ., ஒப்பீட்டுக்கு எடுத்த நார்வேக்காரர்களிடம் 0.08 மி.மீ. தேய்ந்தது என்று சராசரிகளைத்தான் அது தந்தது. 1986இல் அதே தொழிலாளர்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டார்கள்.

இடைப்பட்ட காலத்தில் முப்பிரிவு என்ற எண்ணம் சிகிச்சை ஆய்வுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. ஹிர்ஷ்ஃபெல்டும் வாசர்மனும் 1978இல், சராசரி 22 ஆண்டுகள் பராமரிக்கப்பட்ட 600 நோயாளிகளை நன்கு தேறியவர்கள் 83.2, சரிந்தவர்கள் 12.6, மிகவும் சரிந்தவர்கள் 4.2 விழுக்காடு என்று பிரித்தார்கள். ஆண்டு வரிசையை மட்டும் வைத்து லோ இதைப் பின்பற்றினார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இயற்கையின் கண்டுபிடிப்பாகப் பேசப்படும் முப்பிரிவுக்கு ஒரு சிகிச்சைக்கூட முன்னோடி இருப்பதை மறந்துவிடக் கூடாது.

1986 கட்டுரையின் எண்களுக்கு வருகிறேன். பற்பிணைப்பு இழப்பின் ஆண்டு வேகம் வேகக் குழுவில் 0.1 முதல் 1.0 மி.மீ.; மிதக் குழுவில் 0.05 முதல் 0.5, நோய் வளராத குழுவில் 0.05 முதல் 0.09. கடைசி வீச்சு முழுவதும் மிதக் குழுவின் வீச்சுக்குள் அடங்கிவிடுகிறது. வேகக் குழுவின் தொடக்கமும் அதற்குள்தான் இருக்கிறது. குழுக்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை. தொடர்ந்து செல்லும் ஒரு சரிவில் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. பிரித்ததற்கான அளவுகோல்களும் பற்பிணைப்பு இழப்பும் பல் இழப்பும்தான். ஆகவே வேகக் குழு அதிகப் பற்களை இழந்தது என்பது, பிரித்த விதத்தையே மறுபடி சொல்வது.

என்னை மிகவும் நிறுத்திவைத்தது 45ஆம் வயதின் கணக்கு. வேகக் குழுவினர் அவ்வயதில் எல்லாப் பற்களையும் இழந்துவிட்டார்கள் என்கிறது கட்டுரை. அதே வயதில் அக்குழுவின் சராசரி பற்பிணைப்பு இழப்பு சுமார் 13 மி.மீ. என்றும் சொல்கிறது. பல்லே இல்லாத வாயில் அளவுகோலை எங்கே வைப்பது? அந்த 13, கோட்டை நீட்டிக் கணித்த மதிப்பாகத்தான் இருக்க வேண்டும். தவிர, 1970இல் சேர்ந்தவர்கள் 14 முதல் 31 வயதுவரை உள்ள 480 ஆண்கள். 1985இல் 45ஐ எட்டியிருக்கக்கூடியவர்கள், தொடக்கத்தில் 30, 31 வயதில் இருந்தவர்கள் மட்டுமே. அந்த 1985 பரிசோதனைக்கு எஞ்சியவர்கள் 161 பேர். அதில் 8 விழுக்காடு என்றால் 13 பேர். வயது ஓரளவு சீராகப் பரவியிருந்ததாகக் கொண்டால், இவர்களில் 45ஐ எட்டியவர்கள் ஓரிருவருக்கு மேல் இருந்திருக்க முடியாது.

மீதி 319 பேர் எங்கே போனார்கள்? இவர்கள் மலையகத் தமிழர்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்திருந்தது. ஆய்வு நடந்த 15 ஆண்டுகளில்தான் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். 1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977, 1981, 1983இல் தமிழருக்கு எதிரான வன்முறைகளும் இடையில் வந்தன. விலகிய ஒவ்வொருவரையும் இக்காரணங்களோடு சேர்த்துக் காட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இப்படிக் குலைக்கப்பட்ட ஒரு சமூகத்தில் எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினரைக் கொண்டு எழுதியதை ‘இயற்கை’ என்று அழைப்பது தவறு. பல் மருத்துவரே எட்டிப் பார்க்காத லயன் (தோட்ட வரிசைக் குடியிருப்பு) வாழ்க்கை இயற்கையின் ஏற்பாடு அல்ல. தோட்ட நிர்வாகத்தின் ஏற்பாடு.

லோவின் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. அதே இரண்டு பரிசோதகர்கள் 15 ஆண்டுகள் அளந்திருக்கிறார்கள். சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லாத மக்கள் என்பதால் பல் இழப்பை ஈறுநோயின் கணக்கில் வைத்ததும் சரியே. ஏறத்தாழ ஒரே அளவு பற்படலமும் காரையும் படிந்த வாய்களில் விளைவு இவ்வளவு வேறுபட்டது என்ற அவருடைய கண்டறிதல் நிற்கும். 2010இல் மீண்டும் பரிசோதிக்கப்பட்ட 75 பேரும் அதையே உறுதிசெய்தார்கள்: சராசரியாக 13.1 பற்கள் போயிருந்தன. ஒன்றுகூட இழக்காதவரும் இருந்தார், 28ஐயும் இழந்தவரும் இருந்தார். நிற்காதது விழுக்காடுதான். புதிய சிகிச்சை ஒன்றின் பலனைச் சொல்ல அந்த 8ஐ எடுத்தாளும் ஆய்வாளர்கள், அதன் பக்கத்தில் 480 என்றும் 161 என்றும் சேர்த்து எழுத வேண்டும்.