எட்டு முறை கடல் கடந்த ஓணான்

பழுப்பு அனோல் வாலோடு சேர்த்தும் ஒரு சாணைத் தாண்டாத ஓணான். ஆண், தொண்டைத் தோலை விரித்தால் மஞ்சள் கரையிட்ட செம்மஞ்சள் விசிறி பளிச்சிடும். கியூபாவும் பஹாமாஸும் அதன் தாயகம். 1887-இல் ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் இருப்பதாக முதன்முதலில் பதிவானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துறைமுக நகரங்களில் வேரூன்றி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது.

வந்த வழி, சரக்குப் போக்குவரத்து. பெண் ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டை இட்டு, ஈர மண்ணில் மறைத்துவிடும். நர்சரிச் செடியின் தொட்டி மண்ணில் கிடக்கும் அந்த முட்டையை யார் கவனிப்பார்?

எந்த ஊரிலிருந்து வந்தது என்பதற்குக் கப்பல் கணக்கு எதுவும் கிடையாது. அந்தக் கணக்கு ஓணானின் உடம்பில்தான் இருந்தது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும். தந்தையின் பங்கு அதில் கலக்காது. கியூபாவில் வட்டாரத்துக்கு வட்டாரம் நெடுங்காலம் பிரிந்தே வாழ்ந்ததால், அந்தந்த இடத்து அனோலின் டிஎன்ஏவுக்குத் தனி அடையாளம் உண்டு. ஜேசன் கோல்பி, ஜோனதன் லோசோஸ் உள்ளிட்ட குழுவினர் இரு கரை ஓணான்களின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டு, 2004-இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். குறைந்தது எட்டு முறை, வெவ்வேறு இடங்களிலிருந்து அவை ஃபுளோரிடாவுக்கு வந்திருக்கின்றன.

இதில் என்னை உலுக்கியது வேறொரு செய்தி. சில உயிர்கள் மட்டும் போய்க் குடியேறினால் மரபு வளம் சுருங்கும் என்பதே பாடம். இங்கே நேர்மாறு. கியூபாவில் ஒன்றையொன்று பார்த்தே இராத வம்சங்கள் ஃபுளோரிடாவில் கூடிக் கலந்ததால், வந்தேறிகளின் மரபு வேறுபாடு தாயகத்தில் இருப்பதைவிடக் கூடிவிட்டது. பிறகு தைவான், ஹவாய் போன்ற இடங்களுக்குப் போனவையும் ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பியவையே.

உள்ளூர்ப் பச்சை அனோலுக்குத்தான் நெருக்கடி. பழுப்பு அனோல் வந்த தீவுகளில் அது மரத்தின் மேல்பகுதிக்கு ஒதுங்கியது. சுமார் 20 தலைமுறைக்குள் மரத்தைப் பற்ற உதவும் அதன் விரல் திண்டுகள் பெரிதாகிவிட்டன என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே, ஓர் அயல் உயிரினம் ஏற்கெனவே வந்துவிட்டது, இனிச் சோதித்து என்ன பயன் என்று துறைமுகங்களில் கைவிட்டுவிடக் கூடாது. அடுத்த கப்பலில் வருவது இன்னொரு வம்சத்தைக் கொண்டுவந்து கலக்கலாம்; அதையும் தடுத்தே ஆகவேண்டும்.