ஒரு பொய்ப்பூச்சியின் எடை

தூண்டிலில் கட்டும் பூச்சி தண்ணீரின் மேல் மிதக்க வேண்டுமா, உள்ளே மூழ்க வேண்டுமா? இந்தக் கேள்விக்காக லண்டனில் படித்த பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டு விவாதம் நடத்தினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? 1938 பிப்ரவரியில் அது நடந்தது. அங்கே தனித்து நின்றவருக்கு வயது 79. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மீன்பிடித்த ஆற்றுப் பகுதியை விட்டு அதே ஆண்டில் அவர் வெளியேற நேர்ந்தது. மூழ்கும் பூச்சியைப் போட்டதுதான் அவர் செய்த குற்றம்!

ட்ரவுட் என்பது குளிர்ந்த, ஓடுகிற நன்னீரில் வாழும் மீன். நம் நீலகிரி ஓடைகளிலும் அது உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்டது. இந்த மீனைப் புழு வைத்துப் பிடிப்பதை விட, சின்ன முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலச் செய்து ஏமாற்றிப் பிடிப்பதுதான் பெருமை என்று இங்கிலாந்தில் கருதினார்கள். அந்தப் பொய்ப்பூச்சிக்கு 'ஃப்ளை' என்று பெயர்.

ஆனால் உண்மையான பூச்சியின் கதையைப் பாருங்கள். மேஃப்ளை என்ற பூச்சி இறக்கையோடு பறப்பது ஓரிரு நாள்தான். அதற்கு முன் பல மாதங்கள் ஆற்றின் அடியில், கல்லுக்கும் பாசிக்கும் நடுவில், இறக்கை முளைக்காத இளம்பூச்சியாக வாழ்கிறது. இந்தப் பருவத்துக்குத்தான் 'நிம்ஃப்' என்று பெயர். அப்படியானால் மீன் அதிகம் தின்பது எதை? மேலே மிதப்பதையா, கீழே இருப்பதையா?

மிதப்பது மட்டுமே நாகரிகம்

ஃப்ரெடெரிக் ஹால்ஃபோர்ட் 1886 இல் மிதக்கும் பூச்சிகளைக் கட்டுவது பற்றி ஒரு நூல் எழுதினார். 1889 இல் இன்னொன்று. தென் இங்கிலாந்தில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் ஆறுகள் கண்ணாடி போலத் தெளிவானவை. அங்கே மீன் மேலே வந்து பூச்சியை விழுங்குவதைக் கண்ணால் பார்த்து, அதற்கு முன்னால் மிதக்கும் பூச்சியை விட வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. நல்ல முறைதான். ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் அதை வேதமாக்கி விட்டார்கள். மூழ்கும் பூச்சியைப் போடுபவன் கண்ணியமற்றவன் என்றாகி விட்டது.

இதைக் கேள்வி கேட்டவர்தான் ஜி. இ. எம். ஸ்கூஸ். தொழிலால் வழக்கறிஞர். வின்செஸ்டர் அருகே இட்சன் ஆற்றில் மீன்பிடித்தவர். வழக்கறிஞர் அல்லவா, சாட்சியைத் தேடினார். பிடித்த மீனின் வயிற்றில் இருந்ததை ஒரு நீளக் கரண்டியால் எடுத்துத் தட்டில் போட்டுப் பார்த்தார். அதில் நிம்ஃப்கள் ஏராளம். 1910 இல் வெளிவந்த அவர் நூல், தண்ணீருக்குச் சற்றுக் கீழே பூச்சியை விடுவதும் நேர்மையான மீன்பிடிப்பே என்று வாதிட்டது. 1938 விவாதத்தில் பெரும்பாலானவர்கள் அவருக்கு எதிரணி. அடுத்த ஆண்டே நிம்ஃப் மீன்பிடிப்பு பற்றித் தனி நூலை வெளியிட்டு ஸ்கூஸ் பதில் சொன்னார். 1949 இல் காலமானார்.

செப்புக் கம்பி செய்த மாற்றம்

ஸ்கூஸின் பூச்சிகளுக்குப் பெரிய எடை கிடையாது. நீர்ப்பரப்புக்கு சற்றுக் கீழேதான் போகும். ஆழத்துக்கு அனுப்பியவர் ஃப்ராங்க் சாயர். அவர் கனவான் அல்ல, வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் காவலர். நாள் முழுக்க ஆற்றோடு இருந்தவர். நிம்ஃப் நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டிக்கொள்கிறது என்பதைக் கவனித்தார். அப்படியென்றால் பொய்ப்பூச்சிக்குக் கால் எதற்கு? விட்டுவிட்டார்.

அவர் கட்டிய 'ஃபெசன்ட் டெயில்' நிம்ஃபுக்கு இரண்டே பொருள்கள். ஃபெசன்ட் கோழியின் வால் இறகிலிருந்து சில இழைகள், தலைமுடி போல மெல்லிய செப்புக் கம்பி. நூலே கிடையாது! கம்பியே கட்டும் நூல், கம்பியே எடை, இறகுக்கு இடையில் தெரியும் செந்நிறமும் கம்பிதான். முள்ளின் மேல் கம்பியைச் சுற்றி நெஞ்சுப் பகுதியில் மேடு கட்டுவார். இழைகளின் நுனியை வாலாக விட்டு, மீதியைக் கம்பியோடு முறுக்கி முன்னால் சுற்றுவார். கடைசியில் இழைகளை நெஞ்சின் மேல் முன்னும் பின்னும் மடித்தால் இறக்கை முளைக்கப் போகும் திமில். 1958 இல் வெளியான அவர் நூல் இதைப் பல நாடுகளுக்குக் கொண்டு போனது. இன்றும் ஃப்ளை பெட்டிகளில் அதற்கு இடம் உண்டு.

விதி போட்டார்கள், வழி பிறந்தது

அடுத்த திருப்பம் கிழக்கு ஐரோப்பாவில். போலந்து, செக்கோஸ்லோவாக்கியா மீனவர்கள் வேகமான மலையாறுகளில் குட்டையான நூலோடு, கனமான நிம்ஃப்களைக் கோலின் நுனிக்குக் கீழேயே ஓட விட்டார்கள். நூல் தண்ணீரில் கிடக்காது, விறைப்பாக மேலே நிற்கும். இதுதான் விறைநூல் முறை.

இதில் ஒரு எளிய அறிவியல் இருக்கிறது. ஆற்றின் மேல்நீர் வேகமாக ஓடும், அடிநீர் கல்லில் உரசி மெதுவாக ஓடும். நூல் மேல்நீரில் கிடந்தால் பூச்சியை இழுத்துக்கொண்டு போய்விடும். இயல்பை விட வேகமாகப் போகும் பூச்சியை மீன் சந்தேகிக்கும். நூலைத் தூக்கிப் பிடித்தால் பூச்சி அடிநீரின் வேகத்திலேயே போகும். மீன் தொட்டால் விறைத்த நூல் உடனே சொல்லிவிடும்.

1981 இல் உலக ஃப்ளை மீன்பிடிப்புப் போட்டிகள் தொடங்கின. 1989 இல் பின்லாந்தில் நடந்த போட்டியில் போலந்தின் விளாடிஸ்லாவ் ட்ஷெபுன்யா சாம்பியனானார். இந்தப் போட்டிகளின் விதிப்படி நூலில் தனியாக ஈயக்குண்டு கட்டக்கூடாது, மிதவை போடக்கூடாது. எடை வேண்டுமா? பூச்சிக்குள்ளேயே வைத்துக் கட்டு! ஆகவே போட்டியாளர்களின் மூளை முழுவதும் பூச்சியைக் கனமாக்குவதில் இறங்கியது. முதலில் ஈயக் கம்பி. பிறகு டங்ஸ்டன் மணி. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் சுமார் 11.3 கிராம், டங்ஸ்டன் சுமார் 19.3 கிராம். உருவம் சிறிதாகவே இருக்க, எடை மட்டும் கூடியது. ஸ்பெயின்காரர்கள் உடலை மெல்லிசாகச் சுற்றி மேலே வார்னிஷ் பூசி வழுவழுப்பாக்கினார்கள். அதன் பெயர் 'பெர்திகோன்', அதாவது துப்பாக்கி ரவை. பெயருக்கேற்பக் கல் மாதிரி இறங்கும்.

எதை எடுப்பது, எப்படிக் கட்டுவது?

இத்தனை ஆண்டுப் பாடமும் சில எளிய விதிகளில் அடங்கிவிடுகிறது. ஆழமில்லாத மெதுவான நீருக்கு 2 முதல் 2.5 மில்லிமீட்டர் மணி போதும். ஆழமும் வேகமும் கூடினால் 3.5, 4 என்று போக வேண்டும். இதில் ஒரு கணக்கு உண்டு. மணியின் விட்டம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஆகவே அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. பூச்சி அடியைத் தொடவே இல்லையா? கனத்தைக் கூட்டு. ஒவ்வொரு முறையும் கல்லில் மாட்டுகிறதா? குறை.

கட்டும்போது முதலில் மணியை முள்ளின் நுனி வழியாகக் கோக்க வேண்டும், சின்னத் துளை முன்பக்கம். அதன் பின்னால் கம்பிச் சுற்றுகள், பிறகு வால், உடல், கம்பி வரி, கழுத்தில் முடிச்சு, ஒரு சொட்டு வார்னிஷ். உடல் ஒல்லியாக இருக்க வேண்டும். பஞ்சு போல உப்பினால் தண்ணீர் தடுக்கும், வைத்த எடை வீணாகும். பலர் எடைக்கு ஒரு நிறம் என்று கழுத்து நூலை வைத்துக்கொள்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் எது கனம் என்று தெரிந்துவிடும்.

ஒரு காலத்தில் பூச்சி மூழ்கியதே குற்றமாக இருந்தது. இன்று எவ்வளவு வேகமாக மூழ்குகிறது என்பதற்கு மதிப்பெண். இடையில் மாறியது மீன் அல்ல, அது அன்றும் இன்றும் அடியில்தான் மேய்கிறது. ஹால்ஃபோர்டின் சீடர்கள் நூலைப் படித்தார்கள். ஸ்கூஸ் மீனின் வயிற்றைப் படித்தார், சாயர் ஆற்றைப் படித்தார். கூட்டத்தில் தோற்றவர் சொன்னதுதான் ஆற்றில் சரியாக இருந்தது. கை தட்டல் எந்தப் பக்கம் விழுந்தது என்று மீனுக்குத் தெரியாதே!