சொவெட்டோ: பேருந்து நிற்காத இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க் நகருக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கும் குடியிருப்புப் பகுதி சொவெட்டோ. பெயரைக் கேட்டால் ஏதோ ஆப்பிரிக்க மொழிச் சொல் போலிருக்கும். உண்மையில் அது ‘சவுத் வெஸ்டர்ன் டவுன்ஷிப்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 1963இல் அதிகாரபூர்வமாகச் சூட்டப்பட்டது. டவுன்ஷிப் என்றால் அந்நாட்டில் வெறும் நகர் அல்ல. நகரத்துக்கு உழைக்கலாம், நகரத்துக்குள் குடியிருக்கக் கூடாது என்று தள்ளிவைக்கப்பட்ட மக்களுக்காக ஊருக்கு வெளியே வகுக்கப்பட்ட ஒதுக்குக் குடியிருப்பு அது.

சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் ஓர்லாண்டோ மேற்கில் உள்ள விலாகாசி தெருவுக்கு வந்து திரும்பிவிடுகின்றன. நோபல் பரிசு பெற்ற இருவர், நெல்சன் மண்டேலாவும் டெஸ்மண்ட் டுட்டுவும், வாழ்ந்த தெரு அது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் சொவெட்டோ எப்படி உண்டாயிற்று என்ற கேள்விக்கு அங்கே முழு விடை கிடைக்காது. குடியிருக்க ஒரு கூரைக்காக மக்கள் பட்ட பாடுதான் இவ்வூரின் வரலாறு. அதன் தடங்கள் ஆளரவம் குறைந்த இடங்களில் இருக்கின்றன.

முதல் தடம் பிம்வில். 1904இல் ஜொகானஸ்பர்க்கின் ‘கூலி லொக்கேஷன்’ என்றழைக்கப்பட்ட சேரியில் பிளேக் பரவியது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அப்போது அந்நகரில் வழக்கறிஞராக இருந்த காந்தி, காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தில் தம் அலுவலக உதவியாளர்களோடு நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். மக்களை வெளியேற்றிச் சேரியையே கொளுத்திவிடுவது என்று நகராட்சி முடிவு செய்தது. வங்கியை அறியாத அந்த ஏழைகள் தங்கள் சேமிப்பை மண்ணில் புதைத்து வைத்திருந்தார்கள். வீடு எரியப் போகிறது என்றதும் தோண்டியெடுத்துக் காந்தியிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ 60,000 பவுன் சேர்ந்தது என்று அவர் தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். நோய்ப் பகுதியிலிருந்து வந்த செப்பு, வெள்ளிக் காசுகளைக் கிருமிநீக்கம் செய்த பிறகே வங்கி வாங்கிக்கொண்டது.

சேரி மக்களைத் தனி ரயிலில் ஏற்றி, சுமார் 13 மைல் தள்ளியிருந்த கிளிப்ஸ்ப்ரூட் பண்ணை வெளியில் கூடாரங்களில் தங்கவைத்தார்கள். ஆப்பிரிக்கர்களுக்கு அதுவே நிலையான இருப்பிடமாகிப் போனது. பக்கத்திலேயே நகராட்சியின் கழிவுநீர்ப் பண்ணை இருந்தது. சொவெட்டோவின் தொடக்கம் அங்கேதான். நோய்த்தடுப்பு என்ற பெயரில் நடந்த வெளியேற்றம் நிறத்தின் பேரால் நிலைத்துவிட்டது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளிப்ஸ்ப்ரூட் 1934இல் ஹோவர்ட் பிம் என்ற நகரமன்ற உறுப்பினர் பெயரால் பிம்வில் ஆனது.

1930களின் தொடக்கத்தில் ஓர்லாண்டோ எழுந்தது. இதற்கும் ஒரு நகராட்சிப் பெரியவரின் பெயர்தான்: எட்வின் ஓர்லாண்டோ லீக். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலைகள் பெருகின. வேலை தேடி வந்தவர்களும் பெருகினார்கள். வீடுகள் மட்டும் பெருகவில்லை. ஒரு சின்ன வீட்டில் ஒண்டுக்குடித்தனமாகப் பல குடும்பங்கள். அங்கேதான் ஜேம்ஸ் ம்பான்சா வருகிறார்.

ம்பான்சா மாசற்ற தலைவர் அல்ல. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, சிறையில் கிறித்தவராகி வெளியே வந்தவர். 1944இல் வீடற்ற குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு ஓர்லாண்டோவுக்கு அருகே இருந்த வெற்று நிலத்தில் குடியேறினார். அவருடைய முழக்கம் ‘சோஃபாசோங்கே’. செத்தால் எல்லோரும் சேர்ந்தே சாவோம் என்று பொருள். கோணிச் சாக்கு, பலகை, சோளத்தட்டை, நசுங்கிய தகரம் என்று கையில் கிடைத்ததைக் கொண்டு குடிசைகள் எழுந்தன. சாக்குகளின் இடம் என்ற பொருளில் ‘மசாகெங்’ என்று அதற்குப் பெயர் வந்தது. ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தபோது நகராட்சியால் அவர்களை இல்லாதவர்களாகப் பாவிக்க முடியவில்லை. சொவெட்டோவின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு அவரைவிடத் தகுதியானவர் இல்லை. ஓர்லாண்டோ கிழக்கில் அவர் வாழ்ந்த எளிய வீடு இன்றும் இருக்கிறது. விலாகாசி தெருவின் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அங்கே போவதில்லை.

குடியேற்றங்கள் தொடரவே, 1947இல் மொரோக்கா என்ற இடத்தில் ‘அவசரகால முகாம்’ ஒன்றை நகராட்சி திறந்தது. அவசரம் பல ஆண்டுகள் நீண்டது. 1956இல் சுரங்க முதலாளி எர்னஸ்ட் ஓப்பன்ஹைமர் அதை நேரில் பார்த்து அதிர்ந்து, சுரங்க நிறுவனங்களிடமிருந்து 30 லட்சம் பவுன் கடன் பெற்றுத் தந்தார். அதில்தான் ஆயிரக்கணக்கான நான்கறை வீடுகள் எழுந்தன. வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த அவற்றை மக்கள் ‘தீப்பெட்டி வீடு’ என்றார்கள். சென்ட்ரல் வெஸ்டர்ன் ஜபாவுவில் நிற்கும் ஓப்பன்ஹைமர் கோபுரம் இதன் நினைவாக 1957இல் கட்டப்பட்டது. இடிக்கப்பட்ட மொரோக்கா வீடுகளின் செங்கற்களே அதில் பயன்பட்டன. படியேறி மேலே நின்றால் நாலாபுறமும் கூரைகளாகத் தெரியும். சொவெட்டோவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. அடிவாரத்தில் கலைஞரும் பாரம்பரிய மருத்துவருமான க்ரெடோ முத்வா 1970களில் உருவாக்கிய பண்பாட்டுக் கிராமம் இருக்கிறது. புராணப் பாத்திரங்களின் பெரிய சிலைகள் திறந்தவெளியில் நிற்கின்றன. 1976 மாணவர் கிளர்ச்சியில் அதன் ஒரு பகுதி எரிக்கப்பட்டது.

தென்கோடியில் கிளிப்டவுன். நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்ததால் பல இனத்தவரும் கலந்து வாழ முடிந்த ஊர். 1955 ஜூன் 25, 26 நாள்களில் நாடெங்கிலுமிருந்து வந்த சுமார் 3,000 பிரதிநிதிகள் இங்கே ஒரு திடலில் கூடி, நிறவெறி ஆட்சிக்கு எதிரான சுதந்திர சாசனத்தை ஏற்றார்கள். இரண்டாம் நாள் போலீஸ் சூழ்ந்துகொண்டது. கூட்டம் கலையாமல் சாசனத்தின் கூறுகளை ஒவ்வொன்றாக ஏற்றது. வீட்டு வசதிக்கென்றே அதில் தனிக் கூறு ஒன்று உண்டு. திடல் இப்போது விடுதலைப் போராட்டத் தலைவர் வால்டர் சிசுலுவின் பெயரிலான சதுக்கம். கூம்பு வடிவச் செங்கல் கோபுரத்தினுள் அந்தச் சாசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து தண்டவாளத்தைக் கடந்தால் தகரக் குடிசைகள். தெருக்குழாயில் குடங்களோடு பெண்கள்.

மாணவர் கிளர்ச்சி தொடங்கிய 1976 ஜூன் 16 அன்று ஊர்வலத்தில் சுடப்பட்ட 12 வயது ஹெக்டர் பீட்டர்சனை, சாம் ன்சிமா எடுத்த ஒரு புகைப்படம் உலகறியச் செய்தது. அவனுக்கு முன்பே குண்டடிபட்டவன் 15 வயது ஹேஸ்டிங்ஸ் ந்ட்லோவு. அவனைப் படமெடுக்க யாரும் பக்கத்தில் இல்லை. ஹெக்டருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது; ஹேஸ்டிங்ஸின் நினைவிடத்தைத் தேடித்தான் போக வேண்டும்.

இருவரும் அவலோன் இடுகாட்டில் உறங்குகிறார்கள். 1972இல் திறக்கப்பட்ட இங்கே லட்சக்கணக்கான கல்லறைகள். அவற்றில் ஒன்று லிலியன் ங்கோயியுடையது. தையல் தொழிலாளியான அவர், கறுப்பினத்தவர் நடமாட அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் திரண்ட ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். பல ஆண்டுகள் தடையாணைக்கு உட்பட்டுத் தம் சொவெட்டோ வீட்டில் அடைந்து கிடந்து, 1980இல் இறந்தார். அதே ஊர்வலத்தில் அவருடன் முன்னே நடந்தவர், இங்கிலாந்தில் பிறந்த வெள்ளையரான ஹெலன் ஜோசப். இவர் 1992 டிசம்பர் 25 அன்று காலமானார். இவரைக் கொண்டுவந்து லிலியனின் குழியிலேயே அடக்கம் செய்தார்கள்.