செந்நாயும் யானையும்: இரண்டு முனைவர் பட்ட ஆய்வுகள்

ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976இல் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடரத் தொடங்கினார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை செந்நாயைக் கொன்றவருக்குப் பல இடங்களில் பரிசுப் பணமே கிடைத்துவந்தது. சில ஆண்டுகள் கழித்து, 1980களின் தொடக்கத்தில், ஆர். சுகுமார் சத்தியமங்கலம் மலைக்காடுகளில் அலைந்தது பயிரில் இறங்கும் யானைகளுக்காக. இருவரும் தமிழர்கள், இருவரும் எடுத்துக்கொண்டவை மனிதரின் பகையைச் சம்பாதித்த விலங்குகள். ஆனால் இருவரும் கேட்ட கேள்விகள் வேறு.

நாங்குநேரிக்காரரான ஜான்சிங் சிவகாசிக் கல்லூரியொன்றில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். இந்திய வனவிலங்கு நிறுவனம் 1982இல்தான் உருவானது. அதற்கு முன்பே அவர் காட்டுக்குள் போனபோது, காட்டில் திரியும் பெரிய பாலூட்டியை இப்படி ஆராய்ந்த இந்திய முன்னோடி எவரும் இல்லை. விலங்கின் கழுத்தில் கட்டி இருப்பிடம் அறியும் ரேடியோ பட்டையும் இல்லை. காலடித் தடம், எச்சம், வட்டமிடும் பறவைகள் ஆகியவையே துணை. அவர் வரைந்துகாட்டியது ஒரு குடும்பத்தை: தாய் குட்டிகளோடு குகையில் கிடக்க, மற்றவை வேட்டையாடிவந்து வயிற்றிலிருந்து கக்கி ஊட்டுகின்றன, ஒன்றிரண்டு காவலுக்கு நிற்கின்றன. ‘கொலைகார நாய்’ என்ற வேட்டைக்காரர் கதைக்கு இதைவிட நல்ல மறுப்பு இருக்க முடியாது. ஆனால் அவதானிப்பு பெரும்பாலும் ஓரிரு கூட்டங்களைச் சுற்றியே. அங்கிருந்து இனம் முழுவதற்கும் தாவுவது கடினம்.

சுகுமாருக்கு அந்தத் தனிமை இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மாதவ் காட்கில் வழிகாட்டி. கணக்கு பார்க்கும் சூழலியல் அங்கே வேரூன்றிக்கொண்டிருந்தது. அவரும் பட்டை கட்டவில்லை. காது, தந்தம், உடலமைப்பு கொண்டே யானைகளை அடையாளம் கண்டார். ஆனால் அவர் பார்வை வயல் ஓரம்வரை நீண்டது. ஆண் யானை ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகள் பயிரில் இறங்க, பெண் யானைக் கூட்டம் எட்டு இரவுகளே இறங்கியது. காட்டுப் புல்லைவிடச் சத்துள்ள கேழ்வரகு ஆணின் உடலைப் பெருக்கும். பெருத்த உடல் இனச்சேர்க்கைப் போட்டியில் உதவும். ஆகவே அது துணிகிறது. குட்டியோடு நடக்கும் தாய்க்கு அந்தத் துணிச்சல் கட்டாது. இந்த விளக்கம் விவசாயியின் புகாரையும் யானையின் கணக்கையும் ஒரே தாளில் எழுதியது.

எது மேலான ஆய்வு என்றால், நிர்வாகத்துக்குப் பயன்பட்டது சுகுமாருடையதுதான்; 1989இல் கேம்பிரிட்ஜ் பதிப்பகம் அதை நூலாக்கியதில் வியப்பில்லை. மனிதனும் அதில் ஒரு பாத்திரம். ஜான்சிங்கின் செந்நாய்க் காட்சியில் மனிதன் ஓரமாகத்தான் நிற்கிறான். ஆனால் படிக்கச் சொன்னால் நான் செந்நாயைத்தான் முதலில் எடுப்பேன். விலங்கை அவ்வளவு அருகில் உட்கார்ந்து பார்த்த பொறுமை எண்களில் வராது.

சுகுமார் முனைவர் பட்டம் பெற்ற அதே 1985இல் ஜான்சிங் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். 2005 வரை அவரிடம் பயின்ற மாணவர்களுக்கு அவரைப் போல முன்னோடியில்லாமல் காட்டுக்குள் போகும் நிலை வரவில்லை.