போலீஸ் வேண்டாம், சாமியார் போதும்

வேம்பார்க்காரர்களுக்கு, அடுத்தவர் ரகசியத்தைக் காதில் வாங்கும் சாமியார் புதியவர் இல்லை. முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் ஒன்று அது. பதினாறாம் நூற்றாண்டிலேயே இங்குள்ள பரதவர்கள் கத்தோலிக்கர்கள் ஆகிவிட்டார்கள். இந்தக் கரையில் ஊழியம் செய்த அண்டிறீக் அடிகளார் 1580இல் கொச்சியில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சிட்டார். பெயர் ‘கொம்பெசியொனாயரு’. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகம். அடி இல்லை, உதை இல்லை; செய்த குற்றத்தை மனுஷன் தானே வாய்விட்டுச் சொல்ல ஒரு கையேடு.

330 வருஷம் கழித்து, 1910இல், இங்கிலாந்தில் செஸ்டர்டன் ஃபாதர் பிரவுனைப் படைத்தார். குள்ளமான பாதிரியார், கையிலிருக்கும் குடையை அடிக்கடி கீழே போடுவார். ஆனால் எமகாதகத் திருடனையே மடக்கிவிடுவார். எப்படி? ஊர் பாவத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தீமை தெரியாமலா இருக்கும் என்பதுதான் அவருடைய பதில்.

தமிழில் இந்த வேலைக்கு வந்தவர் திகம்பர சாமியார்.

ஆரம்பத்தில் நமக்கும் போலீஸ்காரர்தான் ஹீரோ. 1894இல் நடேச சாஸ்திரி எழுதிய துப்பறியும் கதைகளின் நாயகன் தானவன், ஒரு ‘போலீஸ் நிபுணன்’. பிறகு ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லாக் ஹோம்ஸை ஆனந்தஸிங் ஆக்கினார். அப்புறம் வந்தவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் (1880–1942). ரெயினால்ட்ஸ் மாதிரியான ஆங்கில மர்மக் கதைக்காரர்களைப் பார்த்து எழுதியவர்தான். ஆனால் அவருடைய ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலில் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கவனிங்க. சட்டம் படித்தவர் வில்லன். துப்புத் துலக்குபவர் திகம்பர சாமியார். திகம்பரம் என்றால் திசையே ஆடை; அதாவது நிர்வாணம். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் இதைப் படமாக்கியபோது, நம்பியார் அந்தச் சாமியாராக வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டார்.

ஏன் சாமியார்? சட்டென்று கிடைக்கும் பதில் திருக்குறளில் இருக்கு. துறவி வேஷத்தில் புகமுடியாத இடத்துக்கும் போய் ஆராய்கிறவனே ஒற்றன் என்கிறது ‘ஒற்றாடல்’ அதிகாரம். பிச்சை கேட்கும் பரதேசியை எந்த வாசலில் தடுப்பார்கள்? ஆனால் வள்ளுவரின் ஒற்றன் அரசனின் ஆள். திகம்பர சாமியார் யாருடைய சம்பளக்காரரும் இல்லை. எனக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியமாகப் படுகிறது.

அந்தக் காலத்து ஜனங்களுக்கு அரசனின் ஆள் என்றால் போலீஸ். மதராஸ் மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சித்திரவதை நடந்தது என்று 1855இல் அரசாங்கத்தின் விசாரணைக் கமிஷனே எழுதிவைத்தது. 1859இல் புதுப் போலீஸ் சட்டம் வந்தது. பயம் போச்சா? வேம்பாரைத் தாண்டினால் இராமநாதபுரம் ஜில்லா. அங்கே ஆப்பநாட்டு மறவர்கள் மேல் குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த கள்ளர்கள் மேல் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிய 1947 ஆனது.

துப்பறியும் கதையில் கைரேகை என்பது கூட்டத்திலிருந்து ஒரு குற்றவாளியைப் பிரித்தெடுக்கும் விஞ்ஞானம். இங்கே அதே ரேகை, பிறந்த குழந்தையையும் சேர்த்து ஒரு கூட்டத்தையே சந்தேகப் பட்டியலில் ஏற்றியது. அப்படிப்பட்ட ஊரில் பூதக்கண்ணாடியோடு வரும் அதிகாரி எப்படி வாசகருக்கு ஹீரோ ஆவார்?

வடுவூராரைப் புரட்சிக்காரர் என்று சொல்ல வரலை. அவருக்கு விறுவிறுப்பாகக் கதை ஓடணும், புத்தகம் விற்கணும். ஆனாலும் வாசகர் யாரை நம்புவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதில் ஒரு ஆபத்தும் இருக்கு: யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத சாமியாரை யார் விசாரிப்பது? நாவல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சட்டத்தின்மேல் நம்பிக்கை போன ஜனங்கள் அதைக் கேட்க மாட்டார்கள். லாக்கப்பில் உயிர் போகும் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் நாமும் தேடுவது இன்னொரு திகம்பர சாமியாரைத்தான்.