ஷின்சானின் கடைசி எபிசோடு பிறந்த கதை

டிவி கார்ட்டூனில் வரும் ஷின்சான் செத்துப்போய்விட்டான் என்று அடித்துச் சொல்லும் பிள்ளைகள் எங்கள் கொல்லிமலையிலும் இருக்கிறார்கள். ஆலத்தூர் நாட்டில், மழை பிடித்துக் கரண்ட் போன ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டுத் திண்ணையில் இதைப் பற்றித்தான் பெரிய சண்டை. ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி கதையை முழுசாகச் சொன்னாள்.

ஜப்பானில் நிஜமாகவே ஷின்சான் என்று ஐந்து வயதுப் பையன் இருந்தானாம். கடைக்குப் போன இடத்தில் தங்கச்சி ரோட்டுக்கு ஓடிவிட்டாளாம். அவளைப் பிடிக்க ஓடியவன் மேலும் சேர்த்து கார் ஏறிவிட்டதாம். இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த அம்மா, மகனுடைய க்ரேயானை எடுத்து, அவன் செய்த சேட்டையெல்லாம் படமாக வரைந்து வைத்தாராம். அதுதான் டிவியில் வருகிறதாம். அந்த விபத்தைக் காட்டும் கடைசி எபிசோடு மட்டும் இங்கே வராதாம்.

"நாமக்கல்ல எங்க அத்தை பையன் பாத்திருக்கான்" என்றாள். "நேத்துகூட வந்தானேக்கா, நல்லாத்தானே இருந்தான்" என்று ஒரு பொடியன் அழும் குரலில் கேட்டான். "அது பழசுடா" என்று பதில் வந்தது. அதற்குமேல் அவனால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அந்தப் பொடியன் பக்கம்தான் நான். அப்படி ஓர் எபிசோடு கிடையாது. ஜப்பானில் 1992 ஏப்ரலில் டிவி அசாஹியில் தொடங்கிய தொடர் இன்னும் முடியவில்லை. முடியாத தொடருக்கு ஏது கடைசி எபிசோடு? ஆனால் இல்லாத ஒன்றைப் பற்றி இத்தனை நாட்டுப் பிள்ளைகள் கண் கலங்கச் சண்டை போடுகிறார்கள் என்றால், அது எங்கிருந்தோ பிறந்திருக்க வேண்டும்.

முதலில் ஷின்சான் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அவனைப் படைத்தவர் யோஷிதோ உசுய். 1958இல் பிறந்தவர். சைதாமா மாநிலத்தின் கசுகாபே ஊரில் வளர்ந்தவர். ஷின்சானின் வீடு இருப்பதும் அந்த ஊரில்தான். 1987இல் ஒரு பல்பொருள் கடையின் ஊழியர்களை வைத்து நகைச்சுவைப் படக்கதை எழுதத் தொடங்கினார். அதில் ஷின்னோசுகே என்று ஒரு பாத்திரம். அவனையே சின்னப் பையனாக்கித் தனிக்கதை செய்யலாம் என்ற யோசனையில் உருவானவன்தான் ஷின்சான். 1990இல் 'வீக்லி மங்கா ஆக்ஷன்' இதழில் முதல் முறை வந்தான். அது பெரியவர்கள், அதிலும் ஆண்கள், படிக்கிற இதழ். ஷின்சான் பேசுகிற பேச்சும் டவுசரை அவிழ்த்து ஆடுகிற ஆட்டமும் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. வேலை முடிந்து ரயிலில் போகும் அலுவலகக்காரர்கள் சிரிப்பதற்காக எழுதப்பட்டது, டிவி வழியாகக் குழந்தைகள் கைக்கு வந்துவிட்டது. ஜப்பானியப் பெற்றோர்-ஆசிரியர் கழகம் நடத்திய கணக்கெடுப்புகளில், பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று பெற்றோர் நினைத்த நிகழ்ச்சிகளின் முன்வரிசையில் பல ஆண்டுகள் இதுவும் நின்றது. மகனை இழந்த தாய் எவளும் இப்படியொரு பையனை வரைந்து அந்த மாதிரி இதழுக்கு அனுப்பியிருக்க மாட்டாள்.

வதந்தியை உடைக்க இன்னும் வலுவான சாட்சி ஒன்று உண்டு. அது ஷின்சானின் தங்கச்சி ஹிமாவாரி. அவள் தொடரின் தொடக்கத்தில் இல்லவே இல்லை. டிவியில் அவள் பிறந்தது 1996 செப்டம்பரில். கதை தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆன பிறகு! அவளுக்குப் பெயர் வைக்கும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. அப்பா ஒரு பெயர் சொல்கிறார், அம்மா ஒரு பெயர் சொல்கிறார், ஒத்துவரவில்லை. கடைசியில் ஆளுக்கொரு பெயரைத் தாளில் எழுதி, ராக்கெட் மடித்து விடுகிறார்கள். யாருடையது ரொம்ப தூரம் போகிறதோ அந்தப் பெயர். ஷின்சான் விட்டது ஜெயிக்கிறது. அதில் இருந்த பெயர்தான் ஹிமாவாரி, சூரியகாந்தி. தங்கச்சியைக் காப்பாற்றப் போய்ச் செத்தவனின் கதை 1990இல் தொடங்கியிருந்தால், அந்தத் தங்கச்சி முதல் பக்கத்திலிருந்தே அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஆறு ஆண்டுகள் அவளை மறந்துவிட்டா அந்த அம்மா வரைந்துகொண்டிருந்தார்?

இவ்வளவு சுலபமாக உடையக்கூடிய கதை எப்படி நிற்கிறது? அதற்குத் தீனி போட்டவை எல்லாம் நிஜச் செய்திகள் என்பது என் எண்ணம். தொடரின் ஜப்பானியப் பெயரே 'க்ரேயான் ஷின்சான்'. க்ரேயான் என்ற அந்தச் சொல் ஒன்று போதும், குழந்தையையும் அது விட்டுப்போன பொருளையும் முடிச்சுப் போட.

அடுத்தது உசுயின் சாவு. 2009 செப்டம்பர் 11ஆம் தேதி, குன்மா, நாகானோ மாநிலங்களின் எல்லையில் உள்ள அராஃபுனே மலைக்கு ஏறப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். திரும்பவில்லை. ஒரு வாரம் கழித்து மலைமுகட்டின் அடியில் உடல் கிடைத்தது. வயது 51. கூடவே கிடைத்த கேமராவில் இருந்த கடைசிப் படம், முகட்டின் மேலிருந்து கீழே பார்த்து எடுத்தது. மலையில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் செய்தி கூடுதலாகவே உறைக்கும். பாறை விளிம்பில் ஒரு அடி பிசகினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வரைந்து வைத்திருந்தவை தீர்ந்ததும் 2010இன் தொடக்கத்தில் படக்கதை நின்றது. சில மாதங்களில் அவருடைய குழுவினர் 'புதிய க்ரேயான் ஷின்சான்' என்று தொடர்ந்தார்கள். ஆக, ஒரு சாவு நடந்தது உண்மை, ஒரு முடிவு வந்ததும் உண்மை. படைத்தவனுக்கு நேர்ந்ததைப் படைப்பின் தலையில் ஏற்றிவிட்டால் வதந்தி தயார்.

மூன்றாவது காரணம் நம் நாட்டுக்கே உரியது. 2006இல் ஹங்காமா டிவியில் ஷின்சான் வந்தான். அம்மா மிசாயே இங்கே மிட்சி ஆனார், அப்பா ஹிரோஷி ஹாரி ஆனார். தமிழ் டப்பிங்கில் அந்த இழுத்துப் பேசும் குரல் வந்ததும் பிள்ளைகள் வீட்டில் அதே மாதிரி பேசத் தொடங்கினார்கள். பெற்றோர் புகார் செய்ய, 2008இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தடை போட்டது. பிறகு வெட்டித் திருத்தி மறுபடி ஒளிபரப்பினார்கள். நமக்குக் காட்டாமல் எதையோ மறைக்கிறார்கள் என்று இங்குள்ள பிள்ளை நினைத்தால், அது கற்பனை இல்லை. உண்மையிலேயே மறைத்தார்கள். மறைத்தது சேட்டைகளை. பிள்ளைகள் அந்த இடத்தில் ஒரு சாவை வைத்து நிரப்பிக்கொண்டார்கள்.

இல்லாத முடிவைக் கட்டிவிடும் இந்த வியாதி ஜப்பானில் பழையது. 'சசாயே-சான்' என்ற குடும்பத் தொடர் 1969 அக்டோபரிலிருந்து ஓடுகிறது. உலகிலேயே அதிக காலம் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸில் பதிவானது. அதற்கும் ரசிகர்கள் ஒரு முடிவு கட்டிவைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்குப் பரிசாக ஹவாய்ப் பயணம் கிடைக்கிறது, விமானம் கடலில் விழுகிறது, எல்லாரும் சங்காகவும் மீனாகவும் பாசியாகவும் மாறிக் கடலுக்கே திரும்புகிறார்கள். அந்தக் குடும்பத்தார் பெயர்களெல்லாம் கடல்சார்ந்தவை. அதிலிருந்து பின்னப்பட்டது இது. டோரேமான் என்ற ரோபோ பூனையின் தொடர் விஷயம் இன்னும் மேலே போனது. அதைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996இல் முடிவு எழுதாமலே இறந்தார். 2005இல் ரசிகர் ஒருவர் தானே முடிவை வரைந்து புத்தகமாக விற்றார். டோரேமானின் பேட்டரி தீர்ந்து நின்றுவிட, அவனுடைய தோழன் நோபிதா படித்துப் பெரிய ரோபோ விஞ்ஞானியாகி அவனை எழுப்புகிறான். படித்தவர்கள் அழுதார்கள். அசல் பதிப்பகமோ உரிமை மீறல் என்றது. 2007இல் அவர் மன்னிப்புக் கேட்டு, லாபத்தில் ஒரு பங்கையும் கொடுத்தார்.

வயதே ஏறாத குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது பிள்ளைகளுக்கு ஒரு கட்டத்தில் முடியாமல் போகிறது என்று நினைக்கிறேன். தனக்கு ஐந்து வயதில் ஷின்சானுக்கும் ஐந்து. தனக்குப் பன்னிரண்டு ஆகிறது, அவனுக்கு இன்னும் ஐந்து. ஒரு பையன் வளரவே இல்லை என்றால் என்ன அர்த்தம்? பன்னிரண்டு வயது மனசுக்குத் தெரிந்த ஒரே பதில், அவன் இறந்திருக்க வேண்டும் என்பதுதான். கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் இயல்பு. பொன்னர் சங்கர் என்னும் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடக் கேட்ட ஊர் இது. வீரப்பூரில் இன்றும் அவர்கள் சாவை நடித்துப் படுகளம் விழுகிறார்கள். அண்ணன்மார் இறக்க வேண்டும், தங்காள் வந்து எழுப்ப வேண்டும். அது நடந்தால்தான் கேட்பவர்களுக்குக் கதை நிறைவு. ஷின்சானுக்கும் ஒரு படுகளம் கேட்கிறார்கள் பிள்ளைகள். அதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் உசுய்க்குச் சாவை எழுதத் தெரியாமல் இல்லை. படக்கதையில் ஷின்சானின் பாலர் பள்ளி மட்சுசாகா டீச்சரின் காதலன் வெளிநாட்டுக் குண்டுவெடிப்பில் இறந்துபோகிறான். சிரிக்க மட்டும் திறந்த புத்தகத்தில் அந்தப் பக்கங்களைப் படித்த வாசகர்கள் அதிர்ந்து போனார்கள். டிவித் தொடர் அந்தப் பக்கம் போகவில்லை. சாவை இவ்வளவு நேராக எழுதியவர், ஷின்சானின் வீட்டுக்குள் மட்டும் அதை வரவிடவில்லை. அது அவர் தெரிந்தே செய்த முடிவு என்றுதான் நான் படிக்கிறேன். அம்மா தலையில் குட்டுவாள், வீட்டுக் கடன் தீராது, அப்பாவின் காலுறை நாறும், மறுநாளும் விடியும். அந்தக் கால் நாற்றமே 2001இல் வந்த திரைப்படத்தில் ஒரு குடும்பத்தையே மீட்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும். இவ்வளவு உயிரோடு இருக்கிற வீட்டை விபத்து ஒன்றில் முடிப்பது அந்த மனிதரின் இருபதாண்டு உழைப்புக்குப் பிறர் செய்யும் அநியாயம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தக் கதையோடு வந்தால், சும்மா இரு என்று விரட்டாதீர்கள். ஹிமாவாரி எந்த ஆண்டு பிறந்தாள் என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.