கணக்கெடுப்பும் கண்டனக் குரலும்: டு பாய்ஸின் அறிவுப்பணி

1896இல் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வட்டத்துக்கு டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் குடிவந்தபோது அவருக்கு வயது 28. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர், பெர்லினிலும் பயின்றவர். ஆனாலும் ஆய்வுப் பணி தந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்கு வகுப்பெடுக்க இடம் தரவில்லை. வினாப்படிவங்களுடன் வீடு வீடாக ஏறி இறங்கினார். என்ன வேலை, எவ்வளவு கூலி, எத்தனை அறை, வாடகை என்ன என்று சுமார் 2,500 குடும்பங்களிடம் தாமே கேட்டு எழுதினார். அவ்வட்டத்துக் கறுப்பின மக்களின் வறுமைக்குப் பிறவிக் குணம் காரணமன்று; வேலை மறுப்பும் மிகை வாடகையும் அடிமை முறையின் மிச்சங்களுமே காரணம் என்று 1899இல் வெளிவந்த அவரது நூல் நிறுவியது. இனத் தாழ்வு பற்றி இருந்த இடத்திலிருந்தே தீர்ப்பெழுதிய அக்காலப் பேராசிரியர்களுக்கு இதைவிடக் கண்ணியமான, கடுமையான பதில் இருந்திருக்க முடியாது.

அதே ஆண்டு ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. அட்லாண்டாவில் பேராசிரியராக இருந்த டு பாய்ஸ், நிதானமாக எழுதிய கடிதத்துடன் நாளிதழ் அலுவலகத்துக்குப் புறப்பட்டார். கொல்லப்பட்டவரின் விரல் கணுக்கள் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாக நடுவழியில் கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார். அமைதியான ஆய்வாளராக மட்டும் இனி இருக்க இயலாது என்று அவர் உணர்ந்த நாள் அது.

அன்றோடு அவர் ஆய்வை விட்டுப் போராட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறு ஆண்டே பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு, கறுப்பின மக்களின் நிலவுடைமையையும் கல்வி வளர்ச்சியையும் காட்டும் வண்ண வரைபடங்களை மாணவர்களுடன் சேர்ந்து கையால் தீட்டி அனுப்பினார். 1910இல் தொடங்கிய ‘தி கிரைசிஸ்’ இதழில் கும்பல் கொலைகளைக் கணக்கிட்டு வெளியிட்டார். 1935இல் அவர் வெளியிட்ட, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தின் வரலாறு, விடுதலை பெற்றவர்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்ற பாடநூல் பொய்யைச் சான்றுகளால் தகர்த்தது. கல்விப்புலம் அதை ஏற்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இவரது குரல் இந்தியாவையும் எட்டியிருந்தது. ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளிக்கும் மனுவின் படி வேண்டி 1946இல் அம்பேத்கர் இவருக்குக் கடிதம் எழுதினார். தீண்டத்தகாதோர் மீது தமக்குள்ள பரிவைத் தெரிவித்து இவரும் பதில் எழுதினார்.

1951இல் அமெரிக்க அரசு அவரை அந்நிய முகவர் என்று குற்றம்சாட்டியது. வழக்கு தள்ளுபடியான பிறகும் கடவுச்சீட்டு முடக்கப்பட்டிருந்தது. 1961இல், 93 வயதில், கானாவின் அதிபர் நிக்ரூமாவின் அழைப்பை ஏற்று அந்நாட்டுக்குச் சென்றார். அரை நூற்றாண்டுக்கு முன்பே திட்டமிட்டிருந்த ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியப் பணியை அங்கே கையிலெடுத்து, 1963இல் அக்ராவில் காலமாகும் வரை அதற்குத் தலைமை ஏற்றிருந்தார்.